பசை போட்டு ஒட்டுவது அவர்கள், தரம் பிரிப்பது நாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் சுற்றுச்சூழல் சிறப்புப் பக்கங்களில் பசுமைப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். துணிப்பை எடுத்துப் போங்கள், குப்பையைத் தரம் பிரியுங்கள், மூங்கில் பிரஷ் வாங்குங்கள், பச்சை முத்திரை இருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பொருளைச் செய்தவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு வரி இல்லை. வாங்குகிறவருக்கும் தூக்கிப் போடுகிறவருக்கும் பத்துப் பத்து அறிவுரை, வடிவமைத்தவருக்கு ஒன்றுகூடக் கிடையாது! நான் பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டு, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சு, வடிவமைக்கும் வேலையில் இருப்பவன், அதனால் இது கொஞ்சம் உறுத்தியது. ஒரு பொருளைப் பழுது பார்க்க முடியுமா, அது மறுசுழற்சிக்குப் போகுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்பதெல்லாம் உங்கள் கைக்கு அது வருவதற்கு வெகு முன்னாலேயே எங்களைப் போன்றவர்களின் கணினித் திரையில் முடிவாகிவிடுகிறது.

ஒரு தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். மறுசுழற்சி ஆலையில் இரண்டையும் சேர்த்தே துண்டு துண்டாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள், மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் துண்டுகள் அடியில் தங்கும், அவ்வளவுதான், பிரித்தாயிற்று. இப்போது அதே பாட்டிலின் மேல் சூடுகாட்டிச் சுருக்கிப் போர்த்திய பளபளா லேபிள் பிவிசியாக இருந்தால் என்ன ஆகும்? பிவிசியின் அடர்த்தியும் பெட்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எனவே இரண்டும் சேர்ந்தே மூழ்கும். அப்புறம் பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி, கூட இருக்கும் நல்ல பெட்டையும் நிறம் மாற்றிக் கெடுத்துவிடும். இதில் பாட்டிலைக் கவனமாகத் தரம் பிரித்துப் போட்ட வாசகரின் தவறு எங்கே இருக்கிறது? லேபிளுக்கு வேறு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, அந்தத் தேர்வு ஒரு மதிய நேரக் கூட்டத்தில் நடக்கிற விஷயம்.

நிறமும் அப்படித்தான். நிறமில்லாத பெட் திரும்பவும் பாட்டிலாக முடியும், நிறம் கலந்தது பெரும்பாலும் கம்பளமாகவோ கட்டும் பட்டையாகவோதான் போகும். ஜப்பானில் பானத் தொழில்துறை 2001இல் தன் வடிவமைப்பு விதியை மாற்றி நிறமுள்ள பெட் பாட்டில்களைக் கைவிட்டது. அறுபது வருடத்துக்கும் மேலாகப் பச்சைதான் தன் அடையாளம் என்று இருந்த ஸ்பிரைட், 2022இல் வட அமெரிக்காவில் நிறமில்லாத பாட்டிலுக்கு மாறியது. மாறியதால் யாரும் குடிப்பதை நிறுத்திவிட்டதாகத் தெரியவில்லை.

கறுப்பு பிளாஸ்டிக் இன்னும் மோசம். கறுப்புக்குச் சேர்க்கும் கார்பன் கறுப்பு நிறமி அகச்சிவப்புக் கதிரை அப்படியே விழுங்கிவிடும், தரம் பிரிக்கும் எந்திரத்தின் சென்சார் அந்தக் கதிர் திரும்பி வருவதை வைத்துத்தான் இது எந்த பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கிறது. கதிர் திரும்பவில்லையென்றால் எந்திரத்துக்கு அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியாது. பொருள் அருமையான பாலிபுரொப்பிலீனாகவே இருக்கலாம், போய்ச் சேருவது குப்பைக்கு. சென்சாருக்குத் தெரிகிற வேறு கறுப்பு நிறமிகள் சந்தையில் இருக்கின்றன, என்ன, விலை கொஞ்சம் கூட.

இதில் நிறுவனங்களை மட்டும் வில்லனாக்கிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும், ஆனால் உண்மை அப்படி இல்லை. லாபத்தோடு ஒத்துப்போகிற பசுமையை எவரும் சொல்லாமலே செய்கிறார்கள். ஒரு பாகத்தின் சுவர்த் தடிமனை 3 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு இறக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக் மிச்சம். குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே அது பாதிக்கும் கீழே வந்துவிடும். மோல்டு எந்திரம் ஒரு பாகத்துக்கு எடுக்கும் நேரத்தில் பெரும்பங்கு குளிர்வதற்காகக் காத்திருப்பதுதான், அதனால் ஒரு மணி நேரத்தில் வெளிவரும் பாகங்களும் கூடும், ஒரு பாகத்துக்கான மின்சாரமும் குறையும். பலம் குறைகிறதே என்றால் பின்பக்கம் விலா எலும்பு மாதிரி ரிப் கொடுத்துச் சரிகட்டலாம். இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் சட்டம் போட வேண்டியதில்லை, முதலாளியே தினம் கேட்பார்.

சிக்கல் ஆரம்பிப்பது லாபமும் பசுமையும் பிரிகிற இடத்தில். ஸ்குரூ போட்டால் ஒவ்வொன்றையும் முறுக்க நேரம் ஆகும், ஸ்குரூ ஏற மோல்டில் தனி மேடு கொடுக்க வேண்டும். பசையோ ஒரு கோடு இழுத்தால் போதும், பொருளும் மெல்லியதாக இருக்கும், தண்ணீரும் புகாது. செல்போன் பேட்டரியைப் பசையில் உட்கார வைப்பதற்கு இவையெல்லாம் நிஜமான காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசையின் செலவு தொழிற்சாலைக் கணக்கில் எங்கேயும் வராது. சில வருடம் கழித்து பேட்டரி சோர்ந்துபோகும்போது, மற்ற எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு போனைத் தூக்கிப் போடுகிறவர் கணக்கிலும், அதை உடைத்துப் பிரிக்கும் தொழிலாளியின் நுரையீரலிலும்தான் அது வரும். உலகம் முழுக்க 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐநா அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

இந்த இடத்தில்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். சட்டம் வந்தால் தொழில் படுத்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். மின்னணுப் பொருட்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அதுவரை மின்பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் சால்டர் என்றாலே வெள்ளீயமும் காரீயமும்தான், 183 டிகிரியில் உருகும், வேலை செய்ய அவ்வளவு சுகம். காரீயம் இல்லாத சால்டருக்கு 217 டிகிரி தேவை, பாகங்கள் தாங்காது, இணைப்பு விட்டுப்போகும், வெள்ளீயத்திலிருந்து மெல்லிய கம்பி முளைத்து மின்சுற்றைக் கெடுக்கும் என்றெல்லாம் பயம் இருந்தது, அதில் சில பயங்கள் நியாயமானவையும்கூட. ஆனாலும் சால்டரை உருக்கும் அடுப்பு மாறியது, பாகம் மாறியது, ஒரு தொழில்துறையே மாறியது. ஐரோப்பாவில் விற்க வேண்டும் என்பதற்காக மாற்றியதை மற்ற நாடுகளுக்கு மட்டும் பழைய மாதிரி செய்து தருவது கட்டுப்படியாகாது, அதனால் பெருமளவு உலகத்துக்கே மாறிவிட்டது.

இப்போது பேட்டரியின் முறை. 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கருவிகளில், சில விலக்குகள் போக, பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். 2025 ஜூன் 20 முதல் அங்கே செல்போன் விற்கிறவர்கள், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடம் முக்கியமான உதிரிப்பாகங்களைத் தர வேண்டும். பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் போன்றவற்றின் விலைக்குப் பக்கத்திலேயே பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று போட்டாக வேண்டும். கழற்றுவது எவ்வளவு சுலபம், பாகம் கிடைக்குமா, பாகத்தின் விலை என்ன என்பதெல்லாம் அதில் அடக்கம். மதிப்பெண்ணை நிறுவனமே கணக்கிட்டுக்கொள்கிறது என்பது ஒரு ஓட்டைதான். இருந்தாலும் கேள்வி சரியான ஆளிடம் கேட்கப்படுகிறது.

உங்கள் கட்டுரையில் வந்த பச்சை முத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் ஐஎஸ்ஓ 14001 என்று பெரிதாகப் போடுவார்கள். அது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்குத் தரும் சான்று, அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று அது ஒன்றுமே சொல்வதில்லை. 'மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்தது' என்பது அடுத்தது. மோல்டு எந்திரத்தில் பாகத்தோடு சேர்ந்து வரும் ரன்னர் கழிவை (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிவரும் வழியில் உறைந்த துண்டு) நாங்கள் அங்கேயே அரைத்து அதே எந்திரத்தில் திரும்பப் போடுவோம், தொழில் தொடங்கிய காலத்திலிருந்தே எல்லாரும் செய்வது, அது வெறும் சிக்கனம். ஐஎஸ்ஓ 14021 தரநிலை இதை மறுசுழற்சிப் பொருளாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் சதவீதத்தில் இது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பத்திரிகைதான் கேட்க வேண்டும்.

'மக்கும் பிளாஸ்டிக்' என்றும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் பிஎல்ஏ, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். தொழில்முறை உரக்கூடத்தில் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் வாரக்கணக்கில் வைத்தால் மக்கும், தோட்டத்து மண்ணிலோ கடலிலோ போட்டால் சாதாரண பிளாஸ்டிக் போலவே வருடக்கணக்கில் கிடக்கும். பக்கத்தில் அப்படி ஓர் உரக்கூடம் இல்லாதவருக்கு அந்த முத்திரையால் என்ன பிரயோஜனம்? (மூங்கில் பிரஷின் முட்கள் பெரும்பாலும் நைலான்தான் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், பிடுங்கிவிட்டுத்தான் மண்ணில் போட வேண்டும்.)

துணிப்பைக்கும் கணக்கு உண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமென்றால் பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும். தெருவில் சிதறும் குப்பையும், விலங்குகள் வயிற்றில் போவதும் இந்தக் கணக்கில் இல்லை, அதனால் பிளாஸ்டிக் பையே மேல் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் சொல்வது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையைக் கிழியும் வரை பயன்படுத்துவது நல்லது, விழாவுக்கு விழா புதுத் துணிப்பை அச்சடித்துக் கொடுப்பது வீண்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதும் உண்மை. செல்போனில் கார்பன் உமிழ்வின் பெரும்பகுதி அதைத் தயாரிப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது, எனவே எவ்வளவு வருடம் ஓட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. குளிர்சாதனப் பெட்டி அப்படியில்லை, அது வருடக்கணக்கில் இழுக்கும் மின்சாரம்தான் பெரிது, ரொம்பப் பழையதைக் கட்டி அழுவது சில சமயம் நஷ்டம். ஆனால் இந்த இரண்டிலும் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது: ஒன்றில் திறக்க முடியுமா என்று, இன்னொன்றில் எவ்வளவு மின்சாரம் என்று.

எனவே ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் வாரம் தவறாமல் புதுப் பொருட்களின் விமர்சனம் வருகிறது, கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எவ்வளவு பெரிது என்று பத்தி பத்தியாக. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் சேருங்கள். இதைச் சாதாரண ஸ்குரூடிரைவரால் திறக்க முடியுமா, உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், மென்பொருள் மேம்பாடு எதுவரை வரும், இவ்வளவு போதும். நிறுவனங்கள் அனுப்பும் 'பசுமை' செய்திக் குறிப்புகளைப் போடும் முன்பு, சதவீதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த செல்போன் அறிமுக விழாவுக்கு உங்கள் செய்தியாளர் போனால், பேட்டரியை மாற்ற என்ன கருவி வேண்டும் என்று மேடையில் இருப்பவரிடம் கேட்கச் சொல்லி, வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மோல்டு வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் உங்கள் வாசகர்