கண்மாய்க் கரையில் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ளங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நம் பகுதிக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் சேற்றிலிருந்து எழும் மீத்தேன் வாயுவை அளந்து எடுத்த அளவுகள் உலகப் பொதுத் தரவுத்தளத்தில் ஏறின. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று ஊர்ப்பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யார் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். திரையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

எதற்காக இவ்வளவு பாடு என்று வழியில் பலர் கேட்டீர்கள். அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்லியிருப்பேன். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். குளங்களில் சொந்தமாக அளவெடுக்காத நாடுகள் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி., 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஓர் எண் இருக்கிறது. நன்னீர்க் குளம் என்றால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 183 கிலோ மீத்தேன். பின்லாந்துக் குளத்துக்கும் அதே 183. தேவகோட்டைக் குளத்துக்கும் அதே 183. நம் கண்மாயோ ஐப்பசி மழையில் பெருகி, பங்குனிக்குள் வற்றி, சித்திரையில் ஆடு மேயும் தரையாகிவிடும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் எங்கோ எடுத்த சராசரியைப் பூசிவிட்டால் அது எப்படி நம் கணக்காகும்?

மீத்தேன் சின்ன விஷயமும் அல்ல. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி எடுத்தன. குறைக்க வேண்டுமானால் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கண்மாயின் பேரில் யாரும் பொய்க்கணக்கு எழுதிவிடக் கூடாது என்பதே எனக்கிருந்த கவலை.

முதல் நன்றி ஆச்சிக்கு.

ஆச்சியின் கணவர் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். பல ஆண்டுகளுக்கு முன் தம் ஆய்வுக்காக ஒரு கண்மாயில் மழைக்காலம் முழுவதும் வாயு அளந்தவர். அந்த ஆய்வு அச்சேறவில்லை. அவரும் இப்போது இல்லை. அவருடைய நோட்டுகள் இரண்டாங்கட்டில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஆச்சி அவற்றை வெயிலில் காயவைத்து, புதிதாக வேப்பிலை போட்டு மறுபடி அடுக்கி வைப்பாராம். "நோட்டு வீட்டை விட்டு வெளியே போகாது. வேண்டியதை இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பதினொரு நாள் வளவில் உட்கார்ந்து எழுதினோம். பதினொரு நாளும் நண்பகலில் வயிறாரச் சாப்பாடு போட்டார்.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். மேலே தேதி. அடுத்த வரியில், "மடைக்கு வடக்கே நாற்பது அடி. முழங்கால் ஆழம். முற்பகல் 11.20. நீர் 30 டிகிரி. காற்று இல்லை." அதற்குக் கீழே நான்கு எண்கள். நான்காவது எண் சுழி. அதைச் சுற்றி மையால் ஒரு வட்டம். ஓரத்தில் சாய்ந்த எழுத்தில், "கருவி சரி. மறுபடி எடுத்தேன். சுழியே." இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று வாக்கியங்களின் அருமை தெரியும். சுழி வந்தால் கருவி பழுது என்று அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சுழிகளை நீக்கிவிட்டுச் சராசரி பார்த்தால் சராசரி ஏறத்தான் செய்யும். அவர் நீக்கவில்லை.

அந்த நோட்டில் எங்களைத் திணறடித்த இடமும் உண்டு. அட்டவணையின் தலைப்பில் வெறும் "மி.கி." என்று இருந்தது. மீத்தேனின் எடையா, அதிலுள்ள கார்பனின் எடையா? 16 மில்லிகிராம் மீத்தேனில் கார்பன் 12 மில்லிகிராம். ஒன்றை மற்றதென்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், அல்லது நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்களுடன் வந்த முதுகலை மாணவி நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலில் போட்டிருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். 22.4ஆல் வகுத்து 16ஆல் பெருக்கியிருந்தார் சார். கார்பன் என்றால் 12ஆல் பெருக்கியிருப்பார். ஆக, மீத்தேன்தான்.

அந்த மாணவி அதோடு விடவில்லை. ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிக்கும் என்பது சுழி டிகிரிக் குளிருக்கான கணக்கு. நம் ஊர் 30 டிகிரியில் அதே அளவு வாயு ஏறத்தாழ 24.9 லிட்டர் இடம் பிடிக்கும், ஆகவே எல்லா எண்களும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கூடி நிற்கின்றன என்று காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சார் வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்ததால் எல்லாவற்றையும் திருத்த முடிந்தது. அவர் எழுதிய எண்ணும் திருத்திய எண்ணும் தரவுத்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அளவெடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஆச்சியிடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து நோட்டுகளுக்கு மேல் வைத்தார்.

நீர்பாய்ச்சி ஐயாவுக்கும் மீன் குத்தகை அண்ணனுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதுதான் மற்றவர் சொன்னதை விளங்க வைத்தது.

எங்கள் முறை எளியது. மிதவை கட்டிய பக்கெட்டைத் தண்ணீரின் மேல் கவிழ்த்து வைப்போம். கவிழ்த்ததும் மேலே வந்துவிடும் அதன் அடிப்பகுதியில் செருகிய ரப்பர் அடைப்பு வழியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் வாயு எடுத்து, குப்பியில் அடைப்போம். அரை மணி நேரத்தில் மீத்தேன் ஒரே சீராக ஏறினால் அந்த ஏற்றமே அளவு. சில நாட்களில் சீராக ஏறாமல் திடீரென்று குதிக்கும். முதல் பருவத்தில் அப்படிக் குதித்தவற்றைப் பிழை என்று ஒதுக்கி வைத்தேன். லாரி டியூப் மிதவையில் எங்களை ஏற்றிக்கொண்டு போன மீன் குத்தகை அண்ணன்தான் தண்ணீரைக் காட்டினார். "மடை திறந்த அன்றைக்கெல்லாம் இப்படித்தான் அடியிலிருந்து குமிழி கிளம்பும்" என்றார். சேற்றில் காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் மட்கும் இலைதழையிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. மேலே நிற்கும் தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறையும். அடைபட்டிருந்த வாயு குமிழியாக எழும். ஐயாவிடம் ஓடினேன். எந்த மடையை எந்த நாள் திறந்தார், எத்தனை நாள் கழித்து அடைத்தார் என்று ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறம் முழுவதும் குறித்து வைத்திருந்தார். குதித்த நாட்களில் பல அந்தத் தாளில் இருந்தன. ஒதுக்கிய அளவுகளை எல்லாம் திரும்பச் சேர்த்தேன்.

இத்தாலியில் மாஜியோரே ஏரியில் 1776இல் அலெசாண்ட்ரோ வோல்ட்டா சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துத்தான் இந்த வாயுவை ஆராய்ந்தார். குமிழியைப் பார்க்கத் தெரிந்தவர் நம் கரையிலும் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை.

பக்கெட்டுகளுக்குத் துளையிட்டுக் கசிவில்லாமல் அடைத்துக் கொடுத்த லேத் பட்டறைத் தம்பிக்கு நன்றி. கூலி வாங்க மறுத்துவிட்டார். குப்பிகளை வந்த அன்றே, வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவியில் ஏற்றி அளந்து கொடுத்த ஆய்வகப் பணியாளருக்கும் நன்றி. அதற்கு முன் வேறோர் ஆய்வகத்தில் எங்கள் குப்பிகள் ஆறு வாரம் கிடந்தன. ரப்பர் மூடி வழியே கசிந்திருக்கும் என்பதால் அந்த அளவுகளை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஒரு கார்த்திகை மாதத்து உழைப்பு அது. இன்றும் வலிக்கிறது.

பிறகு, முகம் பார்த்திராத நண்பர்கள். 2023இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எமிலி ஸ்டான்லியும் அவருடைய குழுவினரும் உலக ஆறுகளின் மீத்தேன் அளவுகளை, 24,000க்கும் மேற்பட்ட செறிவுப் பதிவுகளாக ஒரே இடத்தில் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். எந்த விவரத்தை அட்டவணையின் எந்த நெடுவரிசையில் எழுதுவது என்பதை அதைப் பார்த்துத்தான் கற்றேன். எங்கள் அட்டவணையைச் சரிபார்த்தவர்கள் சலிக்காமல் கேள்வி கேட்டார்கள். அதில் ஒன்று: "சித்திரை முதல் ஆவணி வரை கட்டங்கள் காலியாக இருக்கின்றனவே, அளக்கவில்லையா, சுழியா?" இரண்டும் இல்லை, தண்ணீரே இல்லை. காலிக் கட்டத்தை விட்டிருந்தால் கணினி அதை மற்ற மாதங்களின் சராசரியால் நிரப்பி, காய்ந்து வெடித்த தரையிலும் மீத்தேன் கொப்பளிக்க வைத்திருக்கும். இப்போது அந்தக் கட்டங்களில் "வறண்டது" என்பதற்கான குறியீடு இருக்கிறது. எந்தத் தேதியில் வறண்டது என்பதைச் சொன்னவர்கள், அங்கே ஆடு மேய்க்கும் அக்காமார் இருவர். அவர்களுக்கும் நன்றி.

பதிவுகள் யாவும் பொதுவில் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். கல்லூரிப் பிள்ளைகள் யாருக்காவது அட்டவணை புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். குடிநீர் ஊருணிகளில் எடுத்த அளவுகள் இன்னும் போதவில்லை. அடுத்த பருவத்தில் அவற்றைக் கூட்ட வேண்டும்.

நீர்பாய்ச்சி ஐயா, ஐப்பசியில் வரத்துக்காலில் முதல் தண்ணீர் வந்ததும், எந்த வேளையானாலும் ஒரு போன் செய்யுங்கள். பக்கெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
காரைக்குடியிலிருந்து உங்களில் ஒருவன்