ஹெரால்டின் இடது கதவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மாடி ஏறுகிறாய் என்று எழுதியிருந்ததை உன் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். "அண்ணனை இனிமேலாவது ஸ்கூட்டரை விடச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன், அதற்கு மேல் உன் பாடு. இங்கே எல்லோரும் சுகம். பேரனுக்குக் காது குத்து தை மாதத்தில் வைத்திருக்கிறோம். பத்திரிகை தனியாக வரும்.

நம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் மாட்டிக்கொண்ட இடது கதவை எப்படித் திறந்தாய், கண்ணாடியை உடைத்தாயா என்று கேட்டிருந்தாய். கண்ணாடியும் பிழைத்தது, தகடும் பிழைத்தது. நம் வண்டி நாலு கதவு மாடல் வருவதற்கு முந்தையது, ரெண்டே கதவு. அதில் இடது கதவு மாட்டிக்கொண்டால் பின் சீட்டுக்குப் போகிறவர்களும் டிரைவர் பக்கம் வழியாகத்தான் போக வேண்டும். உன் தங்கச்சி பட்டுச்சேலையோடு கியர் தண்டையும் கை பிரேக்கையும் தாண்டி இடது சீட்டுக்குப் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் அதே வழியாக இறங்கியபோது பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

முதலில் காட்டிய பட்டறையில், கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பலாம், இல்லாவிட்டால் கைப்பிடிக்குக் கீழே வெளித்தகட்டில் ஓட்டை போட்டுக் கம்பியை விடலாம், அப்புறம் டிங்கரிங் செய்து பட்டி போட்டு பெயிண்ட் அடித்தால் தெரியாது என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹெரால்டு கதவுத் தகடு இன்றைக்கு எந்தக் கடையில் தொங்குகிறது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த மாதிரிக் கதவில் கை வைக்கும் முன் ரெண்டு கைப்பிடியும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து திறந்து உள்ளிருந்து திறக்காவிட்டால் பூட்டு நல்ல பூட்டுதான், உள் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் ராடு கழன்றிருக்கும். உள்ளிருந்து திறந்து வெளியிலிருந்து திறக்காவிட்டால் வெளிக் கைப்பிடியில் இருக்கும் பொத்தானின் முனை பூட்டின் நெம்புகோலைத் தொடவில்லை. ரெண்டுமே வேலை செய்யாவிட்டால் பொத்தானை அழுத்திப் பார். லொடலொடவென்று உள்ளே போனால் எதையும் தொடாமல் போகிறது. கல்லுபோல நின்றால் பூட்டே இறுகிவிட்டது. எனக்கு வாய்த்தது ரெண்டும் கலந்த கேஸ். உள் கைப்பிடி சும்மா ஆடியது, வெளிப் பொத்தான் பாதி தூரம் போய் நின்றது.

கதவு மூடியிருக்கும்போதே உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை, அதாவது டிரிம் போர்டைக் கழற்றலாம், பலருக்கு இது தெரியாது. முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். கீழே இறங்கியிருந்தால் கதவுக்குள் கை போகும் வழியை அது மறித்துக்கொள்ளும். அப்புறம் கைப்பிடிகள். ஹெரால்டில் கைப்பிடியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை உள்ளே அழுத்தினால் ஒரு சின்ன முள் தெரியும். மெல்லிய ஆணியால் தள்ளினால் முள் வெளியே வரும், கைப்பிடி கையோடு வரும். முள் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள், கார்பெட்டில் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடியே போகும். போர்டு ஓரமெல்லாம் கிளிப்பில் நிற்கிறது. சுவருக்குப் பட்டி பூசும் அகலத் தகட்டை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் விட்டு நெம்பினால் அட்டை கிழியாது.

உள்ளே பார்த்தால் ராடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துவைக்கும் கிளிப் துரு தின்று எங்கோ விழுந்திருக்கிறது. பூட்டில் எந்தக் காலத்திலோ அடித்த கிரீஸ் பானை அடியில் கிடக்கும் பழம்புளி மாதிரி கறுத்து இறுகியிருந்தது. ஸ்பிரே எண்ணெயை நீளக் குழாய் வைத்து அதற்குள் பீய்ச்சிவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வெளியிலிருந்து கதவை இடுப்பால் உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவன் அழுத்த, நான் உள்ளேயிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரால் பூட்டின் நெம்புகோலைத் தள்ள, விட்டுக்கொடுத்தது.

எல்லோரும் கதவை வெளியே இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பூட்டு, தூணில் அது போய் மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரோடு இன்னும் இறுக்கமாகப் போய் உட்காரும். உள்ளே அழுத்தினால் அந்தச் சுமை விலகும், நெம்புகோலும் அசையும். உன் அம்பாசிடரிலும் என்றைக்காவது மாட்டிக்கொண்டால் முதலில் இதைச் செய்து பார்.

பூட்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினால் பளபளவென்று இருக்கிறது. ஸ்பிரிங் முறியவில்லை, தேய்மானமும் பெரிதாக இல்லை. அப்படியானால் அந்தப் பொத்தானை ஏன் வரவர அத்தனை பலமாக அழுத்த வேண்டியிருந்தது? பழி வேறு இடத்தில் இருந்தது மாப்ளே. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவருக்கு யாரோ கதவு ரப்பரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சரியான ரப்பர் கிடைக்காமல் வேறு ஏதோ வண்டியின் தடித்த ரப்பரை ஒட்டியிருக்கிறார்கள். அது கதவை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மூடுவதற்கு ஓங்கி அடிக்க வேண்டும், திறப்பதற்குப் பூட்டு அந்தச் சுமையோடு மல்லுக்கட்ட வேண்டும். போதாததற்குக் கதவும் கொஞ்சம் தொங்கியிருந்தது. அதன் பின்முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் கீலில் ஆட்டம் நன்றாகவே தெரிந்தது.

ஹெரால்டில் கதவு தொங்குவதற்குக் கீல் மட்டும் காரணமாக இருக்காது. மற்ற கார்களைப் போல உடம்பு ஒரே துண்டாக இல்லை என்பது உனக்கு நினைவிருக்கும். அடியில் தனிச் சேசிஸ் என்கிற இரும்புச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டிய உடம்பு. அதற்கும் ஒரு கதை உண்டு. ஹெரால்டை உருவாக்கிய இங்கிலாந்துக் கம்பெனி ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்குக் கார் உடம்பு செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லாமல் போகவே, துண்டுகளைப் பல இடங்களில் செய்து சேர்க்கிற மாதிரி வண்டியை வரைந்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் வந்தது, 1961-லிருந்து நம் ஊரிலும். தாம்பரம் தாண்டி ரயிலில் போகும்போது வண்டலூர் பக்கம் அதைச் செய்த தொழிற்சாலையை நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். துண்டு உடம்பாக இருந்ததால் வெளிநாடுகளில் பாகங்களைச் சேர்த்து வண்டியாக்குவதும் சுலபமாயிற்று. அங்கே நெருக்கடிக்குப் பிறந்த யோசனை மெட்ராஸுக்கு வசதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அந்த வசதிக்கான வட்டியை நான் கட்டுகிறேன். கீல் மாட்டியிருக்கும் தூண் உடம்பின் முன் துண்டில் இருக்கிறது, ஸ்ட்ரைக்கர் மாட்டியிருக்கும் தூண் பின் துண்டில். ரெண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பரும் வாஷரும் நசுங்கினால் துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், கதவுச் சட்டமே கோணலாகும். பூட்டு என்ன செய்யும் பாவம்? கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் கீலுக்கு முள் கடைந்து வாங்கினேன். பின் துண்டின் அடியில் நசுங்கிப் போயிருந்த இடத்தில் வாஷர் சேர்த்ததும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்தது.

ஸ்ட்ரைக்கரைத் தளர்த்துவதற்கு முன்னால் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள். அந்தக் கோடு இல்லாவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. சாக்பீஸைத் தேய்த்து மெதுவாக மூடித் திறந்தால் எங்கே உரசுகிறது என்று காட்டிவிடும். பொத்தானின் முனைக்கும் பூட்டின் நெம்புகோலுக்கும் நடுவே அரை நூலுக்குள் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தால் போதும். அதிகமானால் அழுத்தம் போய்ச் சேராது. இடைவெளியே இல்லாவிட்டால் ஓடும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளும், அது இதைவிட மோசம். ரப்பருக்குச் சோதனை, ஒரு பஸ் டிக்கெட்டை நடுவில் வைத்து மூடி இழுப்பது. லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கிழிந்தால் ரப்பர் தடிப்பு.

பூட்டுக்கு மசகாக ஸ்பிரே எண்ணெயே போதும் என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்பிரே எண்ணெய் இறுக்கத்தைத் தளர்த்தத்தான் லாயக்கு, சீக்கிரமே காய்ந்து போய்விடும். பூட்டுக்கு மெல்லிய லித்தியம் கிரீஸ்தான். சாவித் துளைக்கு அதுவும் வேண்டாம், கிராஃபைட் தூள் போதும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மண் அடைத்துக் கிடந்தன, கம்பியால் குத்திவிட்டேன். கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் கீழே ஒழுக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் உள்ளே குளம்தான். இவ்வளவும் முடிந்தபின், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் பூட்டை மூடி, ரெண்டு கைப்பிடியிலும் விடுவித்துப் பார்த்த பிறகுதான் முதல் தடவை மூடினேன். டிரிம் போர்டை அதற்கு அப்புறம் போட்டேன்.

மாருதி பூட்டைப் போட்டுவிடேன் என்று எழுதியிருக்கிறாய். போடலாம், ஓடவும் ஓடும். ஆனால் அதற்குத் தகட்டை வெட்ட வேண்டும், பிறகு பழைய பூட்டு கிடைத்தாலும் மாட்ட இடம் இருக்காது. இங்கிலாந்தில் ஹெரால்டு, விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் கார்கள் எல்லாம் ஒரே குடும்பம், சாமான் இன்னும் வருகிறது. விலையும் கஸ்டம்ஸும்தான் கசப்பு.

உன் அம்பாசிடரின் பின் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கிறது என்றாயே, நான் மேலே எழுதியதைப் பார்த்தால் உனக்கே தெரிந்திருக்கும். ராடையும் கிளிப்பையும் பார். அம்பாசிடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014-ல் நின்றுபோனாலும் அதன் சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் பஞ்சம் இருக்காது. குனிந்து செய்கிற வேலை, முட்டி ஆறும் வரை நீ தொடாதே. தம்பி வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கு.

அப்படிப் புதுப்பேட்டைக்கு யாராவது போனால் எனக்கும் கதவு ரப்பர் விசாரிக்கச் சொல். பழையதில் கெடாமல் இருந்த துண்டு ஒன்றை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அதே தடிப்பு வேண்டும், ரெண்டு கதவுக்கும் ஒரே சுருளாக இருந்தால் நல்லது. இருக்கிறது என்றால் காசை அனுப்பிவிடுகிறேன். காது குத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவா.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை