பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களான நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, கோயம்புத்தூர், 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே அளிப்பதால், வண்டிகளைப் பற்றியும், அவற்றுக்காக நாம் ஒருவருக்கொருவர் சொன்ன யோசனைகளைப் பற்றியும், அந்த யோசனைகள் பலித்தனவா என்பதைப் பற்றியும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி ஆலோசனைப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. எந்த வண்டி, என்ன குறை, யார் என்ன சொன்னார், வேலைக்கு முன்னும் பின்னும் எதை அளந்து பார்த்தோம் என்பவை அதில் எழுதப்படுகின்றன. வாய்மொழியாக வந்த யோசனை மூன்றாவது ஆளைச் சேர்வதற்குள் வேறொன்றாக மாறிவிடுவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம் என்பதால், இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எதுவும் எழவில்லை. எழுதுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டை முழுவதும் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இழுவை போதவில்லை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றலாமா, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை இரட்டையாகப் போடலாமா என்று கேட்டு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் தமக்கு இருந்த திறனையே இழந்திருந்தவை.

இதற்கு ஓர் உதாரணம் போதும். 1,798 சிசி எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஏற்றத்தில் திணறுகிறது என்று கொண்டுவரப்பட்டது. அழுத்தத்தை அளந்தபோது ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றையும்விட வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளந்தும் முள் ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாததால் வால்வு என்று முடிவு செய்து எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினோம். புகையை வெளிவிடும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் இருக்கை வார்ப்பிரும்புக்குள் பள்ளமாக இறங்கியிருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு நின்றுபோனது. அந்த ஈயத்தின் பாதுகாப்பை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய இரும்பு ஹெட்டுகளில், கடினப்படுத்திய இருக்கை வளையம் பொருத்தாமல் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் இது நேர்வதுதான். டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வு இடைவெளி, அடிக்கடி குறைந்துகொண்டே வந்ததாக உரிமையாளர் சொன்னார். அதுவே முதல் அறிகுறி. வளையம் பொருத்தி, வால்வை அரைத்து மாட்டிய பிறகு அவர் கேம் ஷாஃப்டைப் பற்றிப் பேசவில்லை.

இதையொட்டிச் செயற்குழு ஒரு நடைமுறையை வகுத்தது. சிலிண்டர் அழுத்தம், வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், பிரேக் ஆகிய நான்கையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதும்வரை, திறனைக் கூட்டுவது பற்றிய யோசனை எதையும் சங்கத்தின் பெயரால் எவரும் சொல்லக் கூடாது. இளைய உறுப்பினர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்பதை அறிவேன். நடைமுறை தொடர வேண்டும் என்பதே என் பரிந்துரை.

இவ்வாண்டு பதிவேட்டின் பக்கங்களை அதிகம் நிரப்பியது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பங்க்குகளில் இதுவே பொது எரிபொருளாகிவிட்ட நிலையில், கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வந்தன: காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணக்கம், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணத் தயக்கம், வழக்கத்தைவிடக் கூடுதல் சூடு. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு இது ஏறத்தாழ 13.5 ஆகிறது. புதிய வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் தானே எரிபொருளைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லாததால், பெட்ரோல் வரும் சிறுதுளையான பழைய ஜெட் விட்ட அதே அளவையே விட்டுக்கொண்டிருக்க, கலவை சுமார் எட்டு சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைந்தது, ஆகிறது.

எஸ்.யூ. என்னும் பிரிட்டிஷ் வகைக் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு இதைச் சரிசெய்வது எளிது. அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு முகம், இரண்டு முகம் எனக் கீழிறக்கி, எஞ்சின் சூடான நிலையில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் ரிச், அதாவது பெட்ரோல் மிகுதி. உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் லீன். சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. ஐடில் நிலையில் இது சரியாகி, மேல் வேகத்தில் மட்டும் தயக்கம் நீடித்தால் ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியையே மாற்ற வேண்டியிருக்கும். ஃபியட் போன்ற நிலையான ஜெட் வண்டிகளில் அடுத்த அளவு மெயின் ஜெட் வாங்கிப் போடுவதே முறை. ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அப்படிக் குத்திய துளை வட்டமாகவும் இருப்பதில்லை, என்ன அளவு என்று பிறகு யாராலும் சொல்லவும் முடிவதில்லை; தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

கலவையைவிடக் கவலைக்குரியது ரப்பர். பழைய ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்க் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்புகின்றன அல்லது இறுகி வெடிக்கின்றன. உறுப்பினர் ஒருவரின் வண்டியிலிருந்து கழற்றிய ஹோஸைக் கூட்டத்தில் நீளவாக்கில் அறுத்துக் காட்டினோம்: வெளிப்புறம் புதிதுபோல் இருக்க, உட்சுவர் கருஞ்சேறாகக் கரைந்து விரலில் ஒட்டியது. எக்ஸாஸ்டுக்குச் சாண் தொலைவில் செல்லும் குழாய் அது. ஆகவே வைட்டான் வகை ரப்பரால் ஆன ஹோஸையும் சீல்களையும் எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்க்கைக் காலி செய்துவிடுவது நல்லது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும், டேங்க் துருப்பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்கும்.

உதகைப் பயணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது பொருத்தம். கோவையில் கலவை சரிசெய்யாமல் தயங்கித் தயங்கி வந்த ஒரு வண்டி உதகையில் சீராக ஓடியதும், இங்கே மிகக் கவனமாக ரிச் செய்து வந்த வண்டியின் பிளக் அங்கே கரியாய் அடைந்ததும் பலருக்கு வியப்பளித்தன. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் வண்டி தானாகவே ரிச் ஆகும். அந்த மிகுதியும் எத்தனாலால் வரும் குறையும் கிட்டத்தட்ட ஈடாகிவிட்டன. மலைக்கு ஒரு செட்டிங், சமவெளிக்கு ஒரு செட்டிங் என்று குறித்துவைத்துக்கொள்வது வீண்வேலை அல்ல. இறக்கத்தில் டிரம் பிரேக் வண்டிகள் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் மதித்ததால் பயணம் குறையின்றி முடிந்தது.

அடுத்து ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புரொடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த இந்தக் காரைக் குடும்ப வண்டி என்று ஒதுக்காமல் நாம் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் அடிப்படையில் உருவானதே, முன் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஒன்றுதான். அதில் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் அடிமுனை, ட்ரனியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் மரையாக இறங்கித் திரும்புகிறது. இதற்கு ஊற்ற வேண்டியது 90 எண் கியர் ஆயில். ஆனால் ஆயில் ஏற்றும் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை எடுப்பது பட்டறைகளின் வழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை போய்ச் சேராமல் இறுகிவிட, உள்ளே ஈரம் தங்கி எஃகு துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

வண்டியில் எந்தக் குறையும் இல்லை, அகலமான டயர் மட்டும் போட வேண்டும் என்று வந்த ஒரு ஹெரால்டின் லிங்க்கைக் கழற்றித் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசி, மீண்டும் துடைத்து வெள்ளைப் பொடி தெளித்தோம். சில நிமிடங்களில், மரை தொடங்கும் இடத்தில் தலைமுடி அளவில் ஒரு சிவப்புக் கோடு பாதிச் சுற்றுக்குப் படர்ந்து வந்தது. அகல டயரின் கூடுதல் பிடிப்பு அந்த விரிசலின் மீதுதான் ஏறியிருக்கும். ஹெரால்டு உறுப்பினர்கள் அனைவரும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுமாறு சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. சிலர் இன்னும் வரவில்லை.

உதிரிபாகப் பணியில் இவ்வாண்டு மனநிறைவு தந்தது, எஞ்சின் புகையைத் திரட்டி வெளிக்குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் வார்ப்பு. ஹெரால்டுக்கு இது கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் விரிசலோடு கிடைக்கும். நம் ஊரில் ஃபவுண்டரிக்கும் லேத்துக்கும் குறைவில்லை. பந்தய வீரர் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை இங்கிருந்தே உருவாக்கினார் என்பதும் நமக்குத் தெரிந்ததே. இருந்தும் முதல் வார்ப்பு வீணானது. பழைய மானிஃபோல்டையே பேட்டர்னாக, அதாவது அச்சு மாதிரியாக, மணலில் பதித்ததுதான் காரணம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பாகத்தில் அது 4 மில்லிமீட்டர், அதாவது இருமுனை ஸ்டட்டுகளும் துளைக்குள் போகாது. பிறகு சுருக்கத்தையும், முகம் கடைவதற்கான கூடுதல் கனத்தையும் சேர்த்து மரத்தில் பேட்டர்ன் செய்யப்பட்டது. அதைச் செய்து தந்த முதிய பேட்டர்ன் கலைஞர் கூலி குறைத்தே வாங்கினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. பேட்டர்ன் சங்கத்தின் சொத்தாக அலமாரியில் உள்ளது.

சான் ஸ்டார்ம், சிபானி டால்ஃபின் ஆகிய ஃபைபர் உடல் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு ஒன்றே ஒன்று: விளக்கு மங்கல், மீட்டர் முள் ஆட்டம் என்று வந்த குறைகள் பெரும்பாலும் எர்த் வயரோடு முடிந்தன. இரும்பு உடல்போல இது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாது. ஒவ்வொரு விளக்கின் எர்த்தும் வயர் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். பல்பை மாற்றுவதற்கு முன் அந்த இணைப்புகளைச் சுரண்டித் துடையுங்கள். காண்டெஸாக்களைப் பற்றிக் குறிப்பிட இவ்வாண்டு ஏதுமில்லை.

சட்ட விஷயத்தில் உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்க முடியாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஃபியட்டுக்குள் பிரீமியர் 118என்.இ. காரின் நிசான் எஞ்சினை இறக்குவது எளிது என்று கூட்டத்தில் பேசப்பட்டது. எளிதுதான், ஆனால் உரிய முன் அனுமதி இல்லாமல் செய்துவிட்டுப் பிறகு யோசனை கேட்டு வருபவருக்குச் சங்கம் துணைநிற்க இயலாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் இதே திசையில்தான் செல்கின்றன. 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு எண் கிடைக்கும். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டக் கூடாது. அதை நாடாமல் சாதாரணப் பதிவையே புதுப்பிப்பவர்கள், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்ததை நினைவில் கொள்க.

ஆகவே, செய்யும் மாற்றம் எதுவானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையபடி ஆக்கிவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது செயற்குழுவின் நிலைப்பாடு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும் எலக்ட்ரானிக் இக்னிஷனை இந்த அடிப்படையில் ஏற்கிறோம். அதற்காகக் கழற்றிய பழைய இக்னிஷனின் பாயின்ட்டையும் கண்டென்சரையும் டிக்கியிலேயே வைத்திருங்கள். மூத்த உறுப்பினர்கள் இருவர், வழியில் பாயின்ட்டைத் தேய்த்து வீடு வந்துவிடலாம், எலக்ட்ரானிக் போனால் டோ வண்டிதான் என்று மறுத்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் டிக்கி. 1967 வரையிலான எம்.ஜி.பி.க்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைந்திருக்கும், என்பதைப் பார்க்காமல் வாங்கிய கிட் ஒன்று இணைத்த உடனே எரிந்துபோனதும் பதிவேட்டில் உள்ளது. சேஸிஸை அறுப்பது, ஒட்டுவது, தரைத்தகட்டை வெட்டுவது ஆகியவற்றுக்குச் சங்கம் யோசனை சொல்லாது.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். இரவல் போன கம்ப்ரஷன் கேஜும் டைமிங் லைட்டும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் சேர்ப்பிக்க வேண்டும். ஹெரால்டு வாட்டர் பம்ப் உடலுக்குப் பேட்டர்ன் செய்ய, தேயாத மாதிரி ஒன்றை யாரேனும் தந்துதவ வேண்டும். பதிவேட்டை எழுத இணைச் செயலாளர் ஒருவரை இக்கூட்டத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கையெழுத்து படிக்கும்படி இருந்தால் போதும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்