‘பணத்தைக் கட்டு’ பொத்தான் பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு

பினாங்கில் லெபோ பசார் பக்கம் வந்தால் நம் பலகாரக் கடையில் ஒரு பாக்கெட் முறுக்காவது வாங்காமல் போகாத எல்லாருக்கும் வணக்கம்.

பலகாரம் ஆர்டர் செய்யும் நம் செயலியின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘பணத்தைக் கட்டு’ என்ற பொத்தானை வட்டமிட்டு, ‘காசு கொடுக்கிறவனுக்கே அதட்டலா?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

முறுக்கு கருகல் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். மரியாதை தெரியாத கடை என்றதுதான் உறைத்தது. எங்கள் கல்லாவில் யாரையாவது ‘நீ’ என்று பேசிக் கேட்டதுண்டா? ஆங்கிலத்தில் ‘பே’ என்றால் பேரனுக்கும் அதுதான், பாட்டிக்கும் அதுதான். தமிழில் ‘கட்டு’ என்று வெறுமனே நிறுத்தினால் அது ஒருமை ஏவல். செயலி செய்த தம்பி, பொத்தானில் இடம் போதவில்லை என்று ‘ங்கள்’ளை வெட்டிவிட்டார். ‘கட்டவும்’ என்று மாற்றிப் பார்த்தோம், தண்ணீர் பில் மாதிரி இருந்தது. இப்போது ‘பணம் கட்டுங்கள்’ என்றே போட்டு, பொத்தானை அகலமாக்கிவிட்டோம்.

உண்மையில் பெரிய தப்பு வேறு இடத்தில் இருந்தது. ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான். ‘ரத்து’ என்பதைத் தொட்டால் கேள்விதான் மறையும், ஆர்டர் அப்படியே நிற்கும்! வேண்டாம் என்றவர் வீட்டு வாசலில் 2 கிலோ அதிரசம். இனி ‘ஆமாம், ரத்து செய்யுங்கள்’, ‘இல்லை, ஆர்டர் இருக்கட்டும்’ என்று இருக்கும்.

செயலியிலிருந்து ‘அதிரசம்ஐ அனுப்பிவிட்டோம்’ என்று செய்தி வந்ததற்கும் சிரித்தீர்கள். பலகாரத்தின் பெயரோடு ‘ஐ’யை இயந்திரம் அப்படியே ஒட்டுகிறது. முறுக்கு ‘முறுக்கை’ ஆகும், அதிரசம் ‘அதிரசத்தை’ ஆகும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதனால் வாக்கியத்தையே மாற்றினோம்: ‘அனுப்பியாயிற்று: அதிரசம்’. பெயர் தனியாக நின்றால் வேற்றுமை உருபுக்கு வேலையே இல்லை. ஒன்றே ஒன்று வாங்கினாலும் ‘1 பொருட்கள்’ என்று பன்மையில் காட்டியதையும் சரிசெய்துவிட்டோம்.

தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால்தான் இவ்வளவு தாமதம். கோபித்துக்கொள்ளாதீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கி நேரே நம் கடைக்கு வருகிறவர்கள், அப்பா காலத்திலிருந்து கணக்கு வைத்திருக்கிறவர்கள், படத்தை எனக்கே அனுப்பி ‘இதைப் பாருங்கள் அண்ணே’ என்று தனியாகச் சொன்னவர்கள், உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செயலியில் இன்னும் ஏதாவது அதட்டினால் கல்லாவில் வந்து சொல்லுங்கள். அச்சுமுறுக்கு சூடாக இருக்கும்.

இப்படிக்கு,
பலகாரக் கடை அண்ணன்