ட்ரைபோன்ஸ் வழக்கைப் பற்றி எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கனடாவில் பூர்வகுடிகளுக்கு மது விற்பதைத் தடுத்த சட்டம் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். வியாபாரிகளிடமிருந்து அவர்களைக் காக்க வந்த சட்டம், போலீஸ் சரியாகச் செயல்படாததால் தோற்றது என்று முடித்திருக்கிறாய். அதை ஏற்க முடியவில்லை. போலீஸ் சட்டத்தில் இருந்தபடிதான் செய்தது. கோளாறு பிரிவுகளிலேயே இருக்கிறது.

1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்தை எடு. ('இந்தியர்' என்று அது சொல்வது அந்த மண்ணின் பூர்வகுடிகளை.) 79-ஆம் பிரிவின்படி, விற்றவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 50 முதல் 300 டாலர் வரை அபராதமும் உண்டு. அபராதத்தில் பாதி தகவல் கொடுத்தவருக்கு. படிக்கும்போது வியாபாரியைக் குறிவைத்த சட்டமாகத்தான் தெரியும். ஆனால் வழக்கு நிற்க யார் விற்றார், எங்கே, எப்போது என்று ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமே. திருட்டுத்தனமாக நடக்கும் விற்பனைக்கு வாங்கியவரை விட்டால் வேறு சாட்சி ஏது? அவர் வாயைத் திறக்க வைக்கத்தான் 83-ஆம் பிரிவு. போதையில் இருக்கும் பூர்வகுடியை வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். விற்றவர் பெயரைச் சொல்ல மறுத்தால் மேலும் 14 நாள் வரை. விற்றவரைப் பிடிக்கச் சாட்சி தேட வேண்டும். குடித்தவரைப் பிடிக்கக் கான்ஸ்டபிளின் கண்ணே போதும். எந்த வழக்கு சுலபம் என்று நீயே சொல்.

இன்னொரு சிக்கல், வாங்கியவர் சட்டப்படி 'இந்தியர்'தான் என்று நிரூபிப்பது. 1894 திருத்தம் அதற்கும் வழி செய்தது. 'இந்தியர் வாழ்க்கை முறையில்' வாழ்பவர் எவரானாலும் மதுப் பிரிவுகளுக்குள் வந்துவிட்டார். ஒருவர் வாழும் விதத்தை வைத்தே குற்றத்தை முடிவு செய்யும் இந்த வரியை உன் கட்டுரையில் தவறாமல் சேர்.

இனி உன் கட்டுரையின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பூர்வகுடி ஜோசப் ட்ரைபோன்ஸ். 1967 ஏப்ரல் 8, கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள யெல்லோநைஃப் ஊரின் ஓல்ட் ஸ்டோப் ஹோட்டல். ரிசர்வ் நிலத்துக்கு (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) வெளியே போதையில் இருந்தார் என்று அப்போதைய இந்தியர் சட்டத்தின் 94(ஆ) பிரிவில் வழக்கு. 10 டாலர் அபராதமும் செலவுத் தொகையும், கட்டாவிட்டால் மூன்று நாள் சிறை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதன் பொருள் அவருக்கு முழுமையாகப் புரிந்ததா என்ற சந்தேகத்தில்தான் மேல்முறையீட்டில் நீதிபதி மாரோ அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதித்து, வழக்கைப் புதிதாக விசாரித்து விடுவித்தார். நீ விட்டுவிட்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: வடமேற்குப் பிரதேசங்களில் அப்போது ரிசர்வ் நிலமே கிடையாது. எனவே அங்கே சொந்த வீட்டுக்குள் குடித்திருந்தாலும் ஒரு பூர்வகுடி குற்றவாளிதான். மற்றவர்களுக்குப் பொது இடத்தில் போதையில் இருந்தால் மட்டுமே குற்றம். அவர்களுக்குக் குறைந்தபட்ச அபராதம் இல்லை, சிறையும் 30 நாளுக்கு மேல் போகாது. பூர்வகுடிக்கோ குறைந்தது 10 டாலர், சிறை மூன்று மாதம் வரை.

1969 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், 1960-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அத்தோடு தடை ஒழிந்தது என்று எழுதாதே. மற்ற மதுப் பிரிவுகள் புத்தகத்திலேயே இருந்தன. 1985 திருத்தம்தான் அவற்றை நீக்கி, தங்கள் ரிசர்வில் மது வேண்டுமா என்று துணைவிதி போடும் அதிகாரத்தைப் பூர்வகுடி மன்றங்களுக்குத் தந்தது. அதற்கும் வாக்காளர்களின் பெரும்பான்மைச் சம்மதம் வேண்டும்.

திருத்திய படியை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்