வேலி அடைக்கிற வாரம்

அன்புள்ள மகளுக்கு,

அந்த வேலையை ஏற்பதா, ஊருக்கே திரும்புவதா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "இன்னும் ஃபென்ஸ் மேலதான்பா இருக்கேன்" என்றாய். நாம் மதில்மேல் பூனை என்போம். ஆனால் ஃபென்ஸ், அதாவது வேலி, என்ற அந்தச் சொல் அன்றிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை. இந்த வாரம் முழுக்க நானும் வேலியோடுதான் கிடக்கிறேன். புளியரை வயலில் பன்றி இறங்கி மேல்மூலையைக் குடைந்துவிட்டது. கிளுவைப் போத்து வெட்டி, முழத்துக்கு ஒன்றாக ஊன்றி, இடையில் முள் செருகுகிறோம். கையெல்லாம் கீறல்.

ராத்திரி அகராதியை எடுத்தேன். டிஃபென்ஸ் என்ற சொல்லின் தலை உதிர்ந்து மிஞ்சியதுதான் ஃபென்ஸ். முதலில் அதற்குக் காவல் என்றுதான் பொருள்; தோட்டத்தைச் சுற்றிய அடைப்பு என்பது பிறகு வந்தது. லத்தீனில் 'டிஃபெண்டெரே' என்றால் அடித்து விலக்குவது. வண்டியின் ஃபெண்டரும் அந்தக் குடும்பம்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பவானி தேவி ஆடினாளே, ஃபென்சிங் என்ற அந்த வாள்விளையாட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். எதிராளியின் வாளைத் தட்டி விலக்குவதும் காவல்தானே!

இன்னொரு பொருளைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். திருட்டுச் சாமானை வாங்கி விற்பவனுக்கும் ஆங்கிலத்தில் ஃபென்ஸ் என்றே பெயராம். திருடர்கள் தங்களுக்குள் பேசிய பேச்சில் பிறந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. காலையில் வேலைக்கு வந்த ஆரியங்காவுக்காரரிடம் இதைச் சொன்னேன். போத்தைக் கீழே வைத்துவிட்டு, "வேலி தன்னெ விளவு தின்னுன்னு" என்று மலையாளத்தில் சொன்னார். அதே பழமொழி, அதே வேலி!

ஆச்சி இருந்தால் இதில் வியக்க என்ன இருக்கிறது என்பாள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாள நாட்டோடு, திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது. அவள் வீடு மாறவில்லை, ராஜ்ஜியம்தான் மாறியது. கடைசிவரை இரண்டு பாஷையும் அவள் வாயில் கலந்தே வந்தன.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படாதே. எந்தப் பக்கம் இறங்கினாலும் அப்பாவுக்குச் சம்மதம்தான். அம்மா ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். கிளுவை தளிர்த்ததும் படம் அனுப்புகிறேன். அப்புறம், வாய்க்கால் ஓரம் நீ சின்ன வயதில் ஏறித் தாண்டுவாயே, அந்தக் கடவை மட்டும் அடைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா