சாக்கு மடித்துப் போட்ட அக்காவுக்கு

தருமபுரி நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை, நம் கூட்டத்துக்குப் பேசி வைத்த மண்டபத்தின் சாவி கைக்கு வராமல் போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. எப்படியோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்துவிட்டது. கத்திக் கத்திக் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

புளி மண்டியில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும், உண்மையைச் சொன்னால், முகம் சுளித்தேன். ஊரின் பண்பாட்டையும் மீட்சியையும் பற்றிப் பேசும் கூட்டம் மூட்டைகளுக்கு நடுவிலா? முதலாளியிடம் கேட்டு இடம் வாங்கித் தந்தவர் அங்கே கொட்டை எடுக்கும் ஓர் அக்கா. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவரும் மற்றப் பெண்களும் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. பெருக்கிய நேரத்தை எந்தத் தராசும் நிறுக்காது.

நாற்காலிகள் பூட்டிய மண்டபத்துக்குள் மாட்டிக்கொண்டன. மூட்டுவலிக்காரரான கூத்து வாத்தியார் தரையில் உட்கார முடியாமல் தூணைப் பிடித்து நின்றதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா, நாள் முழுக்கத் தான் உட்காரும் சாக்கை நான்காக மடித்து ஒரு மூட்டைமேல் போட்டார். "இதில் உட்காருங்கள் ஐயா" என்றார். பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கேட்டார்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த விருந்தினர் தம் ஊரைப் பற்றிப் பேசினார். 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது, 1620இல் எழுந்த டேனிஷ் கோட்டை, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பழைய வீடுகளைப் பழுதுபார்த்தது எல்லாம் வந்தன. அக்கா கை தூக்கினார்: "வீடெல்லாம் சரி. மீன் விற்கிற பொம்பளைகளுக்கு நிழலில் இடம் இருக்கிறதா?" விருந்தினர் சற்று நேரம் பேசவில்லை.

எனக்கும் சுருக்கென்றது. நான்கு ஞாயிறுகளாகத் தகடூர் என்ற நம் ஊரின் பழைய பெயர், அதியமான், நெல்லிக்கனி, தொறு (கால்நடை மந்தை) மீட்டு மாண்டவர்களின் நடுகற்கள் என்று பேசித் தீர்த்திருக்கிறோம். நடுகற்களைப் பற்றி எத்தனை பேசினாலும் தகும் என்பதே இப்போதும் என் கட்சி. ஆனால் இந்த ஊரில் இன்று நிழல் வேண்டி நிற்பவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடலூர் தாண்டி அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த விருந்தினர், இரவோடிரவாக ஒலிபெருக்கி கொடுத்தவர், ஏரிக்கரை வரைபடம் வரைந்த பிள்ளைகள், கணக்குப் பார்க்காமல் தேநீர் ஊற்றியவர், பாரதக் கூத்தில் துரியோதனன் விழும் படுகளக் காட்சியை மேளமே இல்லாமல் பாடிக் காட்டிய வாத்தியார் என எல்லோருக்கும் என் கைகூப்பு.

கிளம்பும்போது அக்காவிடம் அரை நாள் கூலியை நீட்டினேன். வாங்கவில்லை. "கூட்டத்துக்கு வந்ததற்கு யாராவது கூலி வாங்குவார்களா தம்பி? காலையில் வைத்தால் எங்களால் வர முடியாது, அதை மட்டும் பாருங்கள்" என்றார்.

பார்க்கிறேன் அக்கா. இனி எல்லாக் கூட்டமும் வேலை விட்ட பிறகு, இரவு ஏழு மணிக்குத்தான். நீங்கள் சொல்கிற இடத்தில். நாற்காலி தேட வேண்டாம், அந்தச் சாக்கே போதும் என்று வாத்தியாரும் சொல்லிவிட்டார்.